புது வீட்டில் குடியேறும் முன் உள்ளறைக் காற்று: வேலை முடிந்து எவ்வளவு காலம், எந்த வரிசையில்?

பதிவு 1 | தக்கலை வாசி

வணக்கம். தக்கலைக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டு வேலை முடியும் தறுவாயில் இருக்கிறது. ஆயிரம் சதுர அடி, தரைத்தளம் மட்டும், பத்தடி உயரக் கூரை. ஆவணியில் பால் காய்ச்சுக்கு நாள் குறித்தாகிவிட்டது. கான்ட்ராக்டர் சொல்லும் கணக்குப்படி அடுக்களை அலமாரிகளும், கதவுகளின் பாலிஷும், கடைசிக் கோட் எமல்ஷனும் அந்த நாளுக்கு ஒரு வாரம் முன்புதான் முடியும். இழுப்பு (ஆஸ்துமா) உள்ள என் மாமியாரும், தவழத் தொடங்கியிருக்கும் பெண் குழந்தையும் எங்களுடன் குடிவருகிறார்கள். "இரண்டு நாள் ஃபேனைப் போட்டு வையுங்கள், சாம்பிராணி காட்டுங்கள், வாடை போய்விடும்" என்பதே கேட்ட இடத்திலெல்லாம் கிடைக்கிற பதில்.

வாடை போவதும் காற்று சுத்தமாவதும் ஒன்றுதானா? இல்லையென்றால் எவ்வளவு காலம் விட வேண்டும், எதை முதலில் செய்ய வேண்டும் என்பதைத் துறை அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். இணையத்தில் படித்தவை பெரும்பாலும் குளிர்நாட்டு வீடுகளுக்கானவை. இரண்டு பருவமழையும் பெய்கிற நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு அவற்றில் எது பொருந்தும் என்பதும் எனக்கு விளங்கவில்லை.

பதிவு 2 | கட்டடப் பொறியாளர், நாகர்கோவில்

இரண்டும் ஒன்றல்ல. இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் மற்றவை எளிது என்பதால் இதையே சற்று விரிவாக எழுதுகிறேன்.

புது வீட்டில் காற்றைக் கெடுப்பவை இரண்டு வகை. முதல் வகை, ஈரமாகப் பூசப்பட்டு உலர்பவை: எமல்ஷன், எனாமல், பிரைமர், தின்னர், மைக்கா ஒட்டும் ரப்பர் பசை, சிலிக்கோன் சீலன்ட். இவற்றிலிருந்து டொலுவீன், சைலீன் போன்ற ஆவியாகும் கரிமச் சேர்மங்கள் முதல் சில நாட்களில் மிக அதிகமாக வெளியேறி, காற்றோட்டம் இருந்தால் சில வாரங்களில் பெருமளவு குறைந்துவிடும். நாம் "பெயின்ட் வாடை" என்று சொல்வது இதைத்தான். இரண்டாவது வகை, பார்வைக்கு உலர்ந்தே இருப்பவை: பிளைவுட், பார்ட்டிகிள் போர்டு (மரத்தூளை ஒட்டி அழுத்திய பலகை), எம்.டி.எஃப். (மர இழைகளை ஒட்டி அழுத்திய பலகை) ஆகியவற்றை இறுக்கிப் பிடித்திருக்கும் யூரியா ஃபார்மால்டிஹைடு பிசின். இது காற்றின் ஈரத்தோடும் வெப்பத்தோடும் வினைபுரிந்து சிறிது சிறிதாகப் பிரிந்து, மாதக்கணக்கில், சில பலகைகளில் ஆண்டுக்கணக்கில், ஃபார்மால்டிஹைடு என்ற கண் கரிக்கும் வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும். பெயின்ட் வாடை அடங்கிய வீட்டில் இந்த இரண்டாவது வகை இன்னும் பாதிகூடக் குறையாமல் இருக்கலாம். அதற்கு மேல், ஒரே வாடையில் சிறிது நேரம் இருந்தால் நம் மூக்கு அதற்குப் பழகி, உணர்வதையே நிறுத்திவிடுகிறது. ஆகையால் மூக்கை அளவுகோலாக வைத்துக் குடியேறும் நாளை முடிவு செய்வது சரியல்ல.

எவ்வளவு காற்று தேவை என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. அமெரிக்கப் பசுமைக் கட்டட மன்றத்தின் லீட் தரச்சான்றில், குடியேறும் முன் ஒரு சதுர அடித் தரைப்பரப்புக்கு 14,000 கன அடி வெளிக்காற்றைக் கட்டடத்துக்குள் செலுத்தி வெளியேற்ற வேண்டும் என்று சொல்லப்பட்டிருக்கிறது. உங்கள் வீட்டுக்கு அது 1 கோடியே 40 லட்சம் கன அடி. வீட்டின் கொள்ளளவு 10,000 கன அடி என்பதால், வீட்டுக் காற்று முழுவதும் 1,400 முறை மாற வேண்டும் என்று பொருள். நிமிடத்துக்கு 500 கன அடி இழுக்கும் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேனை இரவு பகல் நிறுத்தாமல் ஓட்டினால் ஏறக்குறைய பத்தொன்பதரை நாள் ஆகும். எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வைத்து மணிக்குப் பத்து முறை காற்று மாறுகிறது என்று வைத்துக்கொண்டால் 140 மணி நேரம். பகலில் பத்து மணி நேரம் திறந்து வைப்பவருக்கு அது 14 நாள். அவசரம் உள்ளவர்களுக்கு அதே விதியில் ஒரு வழி உண்டு. கால் பங்கை, அதாவது சதுர அடிக்கு 3,500 கன அடியை, முதலில் முடித்துவிட்டு உள்ளே நுழையலாம். மீதி முடியும்வரை ஒவ்வொரு நாளும் ஆட்கள் வருவதற்கு மூன்று மணி நேரம் முன்பே தொடங்கி, சதுர அடிக்கு நிமிடத்துக்கு 0.30 கன அடி வீதம் வெளிக்காற்றைச் செலுத்திக்கொண்டே இருக்க வேண்டும். உங்கள் வீட்டுக்கு அது நிமிடத்துக்கு 300 கன அடி. ஒரு சாதாரண எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு அது கைக்கு எட்டிய வேலைதான்.

இது இயந்திரக் காற்றோட்டம் உள்ள கட்டடங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்ட விதி. பலகைகளில் உள்ள ஃபார்மால்டிஹைடு இத்தோடு தீர்ந்துவிடும் என்று அது உறுதி சொல்லவில்லை. ஆனாலும் "இரண்டு நாள் ஃபேன்" என்பதற்கும் தேவைக்கும் உள்ள தூரத்தை இந்த எண்கள் காட்டுகின்றன.

வரிசையைப் பற்றி: எல்லா ஈர வேலையும், எல்லா மரவேலையும் முடிந்த பிறகு தொடங்குவதுதான் காற்றேற்றம். திரைச்சீலை, மெத்தை, சோபா, துணிமணி எதுவும் அதற்கு முன் உள்ளே வரக் கூடாது. பஞ்சு நீரை உறிஞ்சுவதைப் போல இவை காற்றில் உள்ள ஆவிகளை உறிஞ்சி வைத்துக்கொண்டு, பிறகு வாரக்கணக்கில் திரும்ப வெளியிடும். நடைமுறையில் நான் அதிகம் பார்ப்பது இதற்கு நேர் எதிரானது. பெயின்டர் ஏணியை எடுத்துக்கொண்டு போன மறுநாளே மெத்தை வண்டி வந்து நிற்கிறது. கறையான் மருந்து அடிக்கும் வேலையையும் கடைசிக்குத் தள்ளக் கூடாது. அது அஸ்திவாரக் கட்டத்தில், ஐ.எஸ். 6313 என்ற இந்தியத் தர விதி சொல்லும் முறைப்படி மண்ணுக்குக் கொடுக்க வேண்டிய சிகிச்சை. வீடு முடிந்த பிறகு தரை ஓரங்களில் தெளிப்பது குழந்தை தவழும் இடத்திலேயே மருந்தை வைப்பதாகும்.

பதிவு 3 | மரவேலைப் பட்டறை, குலசேகரம்

பொறியாளர் ஐயா சொன்ன இரண்டாவது வகையைப் பற்றி என் தொழிலிலிருந்து கொஞ்சம் சேர்க்கிறேன்.

பிளைவுட் எல்லாம் ஒன்றல்ல. ஐ.எஸ். 303 தரத்தில் எம்.ஆர். (ஈரப்பதம் தாங்கும் வகை) என்று முத்திரை உள்ளதில் யூரியா பிசின்தான் வழக்கம். பி.டபிள்யு.ஆர். (கொதிநீர் தாங்கும்) வகையிலும், ஐ.எஸ். 710 மரைன் பிளையிலும் பீனால் ஃபார்மால்டிஹைடு பிசின் போடுவார்கள். அது தண்ணீரைத் தாங்குவதோடு, ஃபார்மால்டிஹைடை விடுவதும் மிகக் குறைவு. அடுக்களைக்கு 710 வாங்கச் சொல்வது தண்ணீர் படும் என்பதற்காக மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். படுக்கையறை அலமாரிக்குத் தண்ணீர் படாது என்று சொல்லி எம்.ஆர். பலகையோ பார்ட்டிகிள் போர்டோ போடுகிறோம். எட்டு மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிற அறையில்தான் அதிகம் ஆவிவிடும் பலகை இருக்கிறது. கேரளத்தின் பெரும்பாவூரிலிருந்து நம் பக்கம் நிறைய பிளைவுட் வருகிறது. அதில் நல்லதும் உண்டு, முத்திரையே இல்லாததும் உண்டு. முத்திரையைப் பலகையின் மேல் பார்த்து வாங்க வேண்டும், பில்லில் மட்டும் பார்த்தால் போதாது.

பலகையின் முகத்தை விட, அறுத்த வாய்தான் அதிகம் ஆவிவிடும். மைக்கா ஒட்டிய முன்பக்கம் நன்றாக மூடியிருக்கும். ஆனால் அலமாரியின் முதுகுப் பலகை, சிங்குக்கு அடியில் பைப்புக்காக வெட்டிய ஓட்டை, தட்டுகளின் பின் ஓரம், கீல் இறக்க 35 மில்லிமீட்டரில் குடைந்த குழி எல்லாம் மூடாமல் பச்சையாகவே விடப்படும். முடிந்த அலமாரிக் கதவைத் திறந்து கீலுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனால் கண் கரிக்கும். அது அந்தக் குழிகளிலிருந்தும் முதுகுப் பலகையிலிருந்தும் வருவது. எல்லா ஓரத்திலும் எட்ஜ் பேண்டு (ஓரத்தை மூடும் பட்டை) ஒட்டச் சொல்லுங்கள், உள்பக்கமும் லைனர் மைக்கா போடச் சொல்லுங்கள், துளைகளுக்குச் சீலர் அடிக்கச் சொல்லுங்கள். ஆசாரிக்கு அரை நாள் வேலைதான் கூடும்.

பாலிஷ் பற்றியும் சொல்ல வேண்டும். மெலமைன் பாலிஷ் என்பது அமில ஹார்டனர் கலந்து இறுகுகிற பிசின். அது இறுகும்போதும் இறுகிய பிறகும் ஃபார்மால்டிஹைடு விடும். பி.யு. (பாலியூரித்தேன்) பாலிஷில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற, நுரையீரலை உறுத்தும் வேதிப்பொருள் இருப்பதால், ஸ்பிரே அடிக்கிற நேரத்தில் இழுப்பு உள்ளவர்கள் அந்தப் பக்கமே வரக் கூடாது, அடிக்கிற ஆளும் தகுந்த முகமூடி போட வேண்டும். நான் வாடிக்கையாளர்களிடம் சொல்வது, கதவுகளைக் கழற்றிப் பட்டறையிலேயே பாலிஷ் போட்டு, அங்கேயே காயவிட்டு எடுத்துச் சென்று மாட்டுங்கள் என்பதுதான். உங்கள் வீட்டிலும் இன்னும் பாலிஷ் தொடங்கவில்லை என்றால் இதைச் செய்யலாம்.

முடிந்தவரை முழு மரத்தையும் யோசியுங்கள். நம் பக்கத்து அயனி, பலா, பழைய வீட்டைப் பிரித்த கதவுகள் இவற்றில் பிசின் என்ற பேச்சே இல்லை. பதப்படுத்திய ரப்பர் மரமும் நல்லதுதான். அதற்கு ஏற்றுவது போரிக் அமிலமும் போராக்ஸும், அவை ஆவியாவதில்லை. ஆனால் துண்டு துண்டாக ஒட்டிய ரப்பர் மரப் பலகை என்றால் எந்தப் பசையில் ஒட்டினார்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

பதிவு 4 | குழந்தை மருத்துவர், நாகர்கோவில்

பழைய கதவுகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இந்தியாவில் வீட்டு வண்ணப்பூச்சுகளில் ஈயத்தின் அளவு 90 பி.பி.எம்-மை (பத்து லட்சத்தில் 90 பங்கை) தாண்டக் கூடாது என்ற விதி 2016-இல் அறிவிக்கப்பட்டு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமல் பூசிய கதவுகளிலும் ஜன்னல் சட்டங்களிலும் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். அவற்றை வீட்டுக்குள் வைத்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் ஈயத்தூள் தரையில் படியும், தவழும் குழந்தையின் கைவழியாக வாய்க்குப் போகும். வெளியில், நனைத்துக்கொண்டே தேய்த்து, தூளைத் திரட்டி அப்புறப்படுத்திய பிறகே கதவை உள்ளே கொண்டுவர வேண்டும்.

ஃபார்மால்டிஹைடைப் பொறுத்தவரை, உலக சுகாதார நிறுவனம் 2010-இல் வெளியிட்ட உள்ளறைக் காற்று வழிகாட்டியில் சொல்லும் உச்ச அளவு, 30 நிமிடச் சராசரியில் ஒரு கன மீட்டருக்கு 0.1 மில்லிகிராம். கண் எரிச்சல், மூக்கொழுகல், தொண்டைக் கரகரப்பு ஆகியவை முதலில் தெரியும். இதைச் சளி என்று எண்ணி மருந்து வாங்குபவர்களிடம், "புது வீட்டுக்குக் குடிபோனீர்களா, புது அலமாரி செய்தீர்களா?" என்று நான் தவறாமல் கேட்பது வழக்கம். வீட்டை விட்டு வெளியே போனால் குறைந்து, திரும்பி வந்தால் கூடுகிறது என்றால் காரணம் வீட்டுக்குள் இருக்கிறது. நீண்ட காலப் பாதிப்பும் உண்டு. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இலேயே இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் குழுவில் சேர்த்தது. பதற்றத்துக்காக இதைச் சொல்லவில்லை. இரண்டு மூன்று வாரம் பொறுத்துப் போவதால் தவிர்க்கக்கூடிய ஒன்றைக் குழந்தையின் மேல் ஏற்ற வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். உடல் எடைக்கு ஏற்பக் கணக்கிட்டால் கைக்குழந்தைகள் பெரியவர்களை விட அதிகக் காற்றை இழுக்கிறார்கள், அதுவும் தரையோடு ஒட்டிய காற்றை.

சாம்பிராணி, ஊதுபத்தி, கற்பூரம் எதுவும் இந்த ஆவிகளை நீக்குவதில்லை. வாடையை மறைத்துவிட்டு, நுண்துகளையும் புகையையும் கூடுதலாகச் சேர்க்கும். வழிபாட்டுக்கு ஏற்றுவது உங்கள் விருப்பம், அப்போது ஜன்னல்கள் திறந்திருக்கட்டும். இழுப்பு உள்ளவர் இருக்கும் வீட்டில் காற்றைச் சுத்தப்படுத்தும் வழியாக அதைக் கருதவே வேண்டாம்.

பதிவு 5 | குவைத்திலிருந்து ஒரு கருங்கல் ஊர்க்காரர்

நான் குளிரூட்டல் துறையில் வேலை செய்கிறேன். இரண்டு கேள்விகள். முதலாவது, எங்களைப் போன்றவர்கள் வீட்டைக் கட்டி முடித்துப் பூட்டிவிட்டு வருகிறோம், ஓராண்டு கழித்து விடுப்பில் வந்து தங்குகிறோம். அந்த ஓராண்டில் எல்லாம் வெளியேறியிருக்கும் அல்லவா? இரண்டாவது, கட்டடத்தைச் சூடாக்கி ஆவிகளை வேகமாக விரட்டும் முறை ஒன்று உண்டு. நம் ஊர் வெயிலில் ஜன்னல்களைச் சாத்தி வைத்தாலே அந்தச் சூடு கிடைத்துவிடுமே, அதைப் பரிந்துரைக்கலாமா? காற்றுச் சுத்திகரிப்பான் வாங்கி வைப்பது பற்றியும் கருத்துச் சொல்லுங்கள்.

பதிவு 6 | கட்டடப் பொறியாளர், நாகர்கோவில்

பூட்டிய வீட்டைப் பற்றிக் கேட்டது நல்லது. நம் மாவட்டத்தில் இப்படி நிற்கும் வீடுகள் ஏராளம். பூட்டிய வீட்டில் ஆவிகள் வெளியேறப் போதிய வழியில்லை. உள்காற்றில் செறிவு கூடும்போது பலகை ஆவி விடுவதும் மெதுவாகிறது, வெளிவந்தவை சுவரிலும் ஜிப்சம் கூரையிலும் மெத்தையிலும் ஒட்டிக்கொள்கின்றன. அதோடு நம் ஈரக்காற்றில் பூட்டிக் கிடக்கும் அலமாரிக்குள் பூசணம் பூக்கிறது. விடுப்பில் வந்து இறங்கிய அன்றிரவே எல்லோரும் ஏ.சி.யைப் போட்டு, கதவைச் சாத்திப் படுக்கிறார்கள். ஓராண்டாகத் தேங்கியதைத்தான் அன்று சுவாசிக்கிறார்கள். சாவியை வைத்திருக்கும் உறவினரிடம் வாரம் இருமுறையாவது வீட்டை முழுவதும் திறந்து, அலமாரிக் கதவுகளையும் இழுப்பறைகளையும் திறந்து வைக்கச் சொல்லுங்கள். வெண்டிலேட்டர்களைக் கண்ணாடி போட்டு மூடாமல், கொசுவலை மட்டும் அடித்து விட்டாலே பாதி வேலை நடந்துவிடும்.

சூடேற்றும் முறையில் வீட்டை 32 முதல் 38 டிகிரி வரை சூடாக்கி, கூடவே காற்றையும் வெளியேற்றுவார்கள். ஆய்வுகளில் அதன் பலன் ஒரே சீராக வரவில்லை. சில இடங்களில் வெளிவந்த ஆவி வேறு பரப்புகளில் போய் ஒட்டிக்கொண்டது, மரம் வளைந்ததும் உண்டு. முக்கியமாக, சூடும் காற்றேற்றமும் சேர்ந்தே நடக்க வேண்டும். ஜன்னலைச் சாத்தி வைத்துச் சூடாக்குவது வெளியே எடுத்ததைத் திரும்ப உள்ளேயே வைப்பதாகும். நம் கான்கிரீட் கூரை வீடு கோடைப் பகலில் தானாகவே அந்தச் சூட்டுக்குப் பக்கத்தில் போய்விடுவதால், பகலில் திறந்து வைத்தாலே சூடும் கிடைக்கும், காற்றும் கிடைக்கும். தனியாக அடுப்போ ஹீட்டரோ வேண்டாம்.

சுத்திகரிப்பானில் உள்ள ஹெப்பா வடிகட்டி தூசியைப் பிடிக்கும், ஆவியைப் பிடிக்காது. அதோடு வரும் மெல்லிய கரித்தட்டு விரைவில் நிறைந்துவிடும். ஃபார்மால்டிஹைடு சிறிய மூலக்கூறு என்பதால் சாதாரணக் கரியில் அது சரியாகத் தங்குவதும் இல்லை. ஓசோன் வெளியிடும் கருவியை மட்டும் யாரும் வாங்க வேண்டாம். ஓசோன் நுரையீரலை அரிக்கும், வீட்டில் உள்ள சில வாசனைப் பொருள்களோடு வினைபுரிந்து புதிதாக ஃபார்மால்டிஹைடையே உண்டாக்கவும் செய்யும். சுவரில் மாட்டும் ஸ்பிளிட் ஏ.சி. வெளிக்காற்றைக் கொண்டுவருவதே இல்லை, உள்ளிருக்கும் காற்றையே திருப்பித் திருப்பிக் குளிர்விக்கிறது. இது உங்களுக்குத் தெரிந்ததுதான், மற்றவர்களுக்காக எழுதுகிறேன். டைல்ஸும் கிரானைட்டும் அறுக்கும் நாட்களில் ஏ.சி.யை மாட்டியிருந்தாலும் ஓட்டக் கூடாது. அந்தச் சிலிக்காத் தூள் காயிலில் போய் உட்கார்ந்தால் பிறகு கழுவி எடுப்பது கடினம். கடைசிச் சுத்தமும் துடைப்பத்தால் பெருக்குவதாக இருக்கக் கூடாது. ஈரத்துணியால் மேலிருந்து கீழாக, ஃபேன் இறக்கை, ஜன்னல் மேல்விளிம்பு, அலமாரி உச்சி எனத் துடைத்துக்கொண்டு வந்து, தரையைக் கடைசியில் துடைக்க வேண்டும்.

பதிவு 7 | மார்த்தாண்டம், இல்லத்தரசி

ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்று எல்லோரும் சொல்கிறீர்கள். ஆனி, ஆடியில் எங்கள் பக்கம் மழை விட்டபாடில்லை. திறந்து வைத்தால் சாரல் அடித்துச் சுவர் நனைகிறது, சாத்தினால் நாற்றம் உள்ளேயே நிற்கிறது. எங்கள் வீட்டில் குளியலறைச் சுவரை ஒட்டி வைத்த அலமாரிக்குப் பின்னால் முதல் மழையிலேயே கறுப்புப் பூசணம் படர்ந்துவிட்டது. புது வீட்டில் காற்று கெடுவது பெயின்டால் மட்டும் இல்லை, ஈரத்தாலும்தான் என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

பதிவு 8 | கட்டடப் பொறியாளர், நாகர்கோவில்

சகோதரி சொல்வது முழுக்கச் சரி. நம் மாவட்டத்துக்கு இதுவே பெரிய வேறுபாடு. நான் முன்பு சொன்ன லீட் விதியில் காற்றேற்றத்தின்போது ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது என்றும் இருக்கிறது. பருவமழைக் காலத்தில் ஜன்னலைத் திறந்து வைக்கும் வீட்டில் அது நடக்காத காரியம். ஆகவே நாம் அந்த எண்ணைத் துரத்துவதை விட்டுவிட்டு, சுவர் காய்ந்திருக்கிறதா என்பதைக் கவனிக்க வேண்டும்.

கலவை, பூச்சு, கான்கிரீட், கியூரிங் என்று ஒரு வீடு குடிக்கும் தண்ணீர் கொஞ்சமல்ல. பூச்சு முடிந்து குறைந்தது 28 நாள் ஆன பிறகே புட்டி, பிரைமர் எல்லாம். அதற்கு முன் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, உப்புப் பூக்கும், பூசணம் பிடிக்கும். சோதித்துப் பார்க்க எளிய வழி, ஒன்றரை அடிச் சதுரத்தில் தடித்த பிளாஸ்டிக் தாளை எடுத்து நான்கு ஓரங்களையும் டேப்பால் சுவரிலோ தரையிலோ காற்றுப் புகாமல் ஒட்டி, பதினாறு மணி நேரம் கழித்துப் பிரித்துப் பார்ப்பது. உள்பக்கம் நீர்த்துளி கோத்திருந்தாலோ, அந்த இடம் கறுத்திருந்தாலோ இன்னும் காயவில்லை. சுவர்ப் பரப்பை ஒட்டிய காற்றின் ஈரப்பதம் தொடர்ந்து 80 விழுக்காட்டுக்கு மேல் நின்றால் பூசணம் வளரும். அலமாரியின் முதுகுக்கும் சுவருக்கும் இடையே இரண்டு அங்குலமாவது விடச் சொல்வது அதனால்தான்.

மழைக்காலத்தில் திறக்கும் முறையையும் மாற்றிக்கொள்ள வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று மேற்கிலிருந்து சாரலைக் கொண்டுவரும். அந்தப் பக்க ஜன்னல்களைச் சாத்தி, மேலே சன்ஷேடு உள்ள வெண்டிலேட்டர்களை மட்டும் விட்டு, கிழக்குப் பக்கத்தை முழுவதும் திறந்து, அடுக்களையிலும் குளியலறையிலும் எக்ஸாஸ்ட் ஃபேனை ஓட்டுங்கள். மழை விட்ட நேரத்தில், முக்கியமாக முற்பகல் முதல் பிற்பகல் வரை ஈரப்பதம் குறைவாக இருக்கும்போது எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் வீடு கட்டுபவர்களுக்கு அதே மாதங்களில் கணவாய்க் காற்றே போதும். அங்கே மழை குறைவு, தூசிதான் கவலை. ஒரே மாவட்டத்தில் மேற்கும் கிழக்கும் இப்படி வேறுபடுவதால் எல்லோருக்கும் ஒரே அறிவுரை பொருந்தாது. ஈரவெப்பமான இடங்களில் ஒரு அறையின் ஜன்னல், வெண்டிலேட்டர் திறப்புகள் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்று தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொல்கிறது. இன்னும் வரைபட நிலையில் இருப்பவர்கள் இதைப் பிடித்துக்கொள்ளுங்கள். பத்மநாபபுரம் அரண்மனையின் மர அழிகளுக்கு இடையே மழை நாளில் நின்று பார்த்தவர்களுக்கு, சாரலைத் தடுத்துக் காற்றை மட்டும் விடுவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல என்பது தெரியும்.

பதிவு 9 | இயற்பியல் ஆசிரியர், குளச்சல்

கடற்கரைப் பகுதியினருக்காக ஒன்று சேர்க்கிறேன். மணவாளக்குறிச்சியை ஒட்டிய கடற்கரை மணலில் மோனசைட் கனிமம் கலந்திருப்பதும், அதில் தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் இருப்பதும் நாம் அறிந்ததே. தோரியத் தொடரில் தோரான் என்ற கதிரியக்க வாயு உண்டாகிறது. அதன் அரை ஆயுள் (பாதி சிதைய ஆகும் நேரம்) சுமார் 56 நொடிதான். ஆகவே சுவரின் ஆழத்திலிருந்து அது அறைக்கு வந்து சேராது, சுவரின் மேற்பரப்பை ஒட்டிய சில சென்டிமீட்டரிலிருந்து வருவதுதான் அறைக்குள் புகும். ஆனால் அது சிதைந்து உண்டாகும் ஈயம்-212-இன் அரை ஆயுள் பத்து மணி நேரத்துக்கு மேல் என்பதால், காற்றோட்டமில்லாத அறையில் அது தங்கும். யுரேனியத் தொடரிலிருந்து வரும் ரேடான்-222 வாயுவுக்கு 3.8 நாள் அரை ஆயுள் இருப்பதால் அது தரை விரிசல் வழியாகவும் வரும்.

செய்ய வேண்டியது எளியது. கடற்கரை மணலைப் பூச்சுக்கோ தரை நிரப்பவோ எடுக்கக் கூடாது. உப்பு இரும்பை அரிப்பதற்காக ஏற்கெனவே தவிர்க்கச் சொல்வதுதான், இது கூடுதல் காரணம். தரை விரிசல்களையும் பைப் நுழையும் இடங்களையும் அடைத்து, வீட்டை நன்றாகக் காற்றாட வைக்க வேண்டும். ரேடானுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வழிகாட்டு அளவு ஒரு கன மீட்டருக்கு 100 பெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு). அதை எட்ட முடியாத இடங்களில் 300-ஐத் தாண்டக் கூடாது. தக்கலை நண்பர் இதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை, மணல் எங்கிருந்து வந்தது என்று மட்டும் கேட்டுக்கொள்ளட்டும்.

பதிவு 10 | தக்கலை வாசி

அனைவருக்கும் நன்றி. கதவுகளைப் பட்டறையில் பாலிஷ் போட ஆசாரி அண்ணன் ஒப்புக்கொண்டுவிட்டார். குறித்த தேதியை மட்டும் மாற்ற முடியாது, சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது. பால் காய்ச்சிய அன்றிரவு வீட்டில் தங்கியே ஆக வேண்டும் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். என்ன செய்வது? அறைக்குள் செடித் தொட்டிகள் வைத்தால் பயன் உண்டா?

பதிவு 11 | ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், சுசீந்திரம்

தம்பி, எங்கள் பக்கத்து வழக்கத்தைச் சொல்கிறேன். பால் காய்ச்சிய வீட்டில் அன்றிரவு விளக்கு எரிய வேண்டும், வீட்டார் தங்க வேண்டும். வீட்டார் எல்லோருமே தங்க வேண்டும் என்று யாரும் வரையறுத்ததில்லை. நீங்களும் உங்கள் மனைவியும் முன்னறையில் ஜன்னல்களைத் திறந்து வைத்துப் பாய் விரித்துப் படுங்கள். மாமியாரும் குழந்தையும் பகலில் சடங்கில் கலந்துகொண்டு மாலையில் பழைய வீட்டுக்குத் திரும்பட்டும். பொறியாளர் சொன்ன காலக் கணக்கு முடிந்தபின் எல்லோரும் குடியேறுங்கள். இதில் வழக்கத்துக்கும் குறைவில்லை, பிள்ளைக்கும் குறைவில்லை. பெரியவர்களிடம் மருத்துவர் சொன்னதாகச் சொல்லுங்கள், கேட்பார்கள்.

பதிவு 12 | கட்டடப் பொறியாளர், நாகர்கோவில்

ஐயா சொன்ன ஏற்பாடு நன்று. சடங்கு நாளுக்கு முன் கிடைக்கும் ஒரு வாரத்தில் அந்தக் கால் பங்கை முடித்துவிடலாம். உங்கள் வீட்டுக்கு அது 350 முறை காற்று மாறுவது, பத்து மணி நேரம் வீதம் எதிரெதிர் ஜன்னல்கள் திறந்திருந்தால் நான்கு நாளுக்குள் முடியும். அலமாரிக் கதவுகளைத் திறந்து, இழுப்பறைகளைக் கழற்றி வெளியில் வைத்து, ஒரு ஸ்டாண்ட் ஃபேனை அலமாரிக்குள் வீசும்படி திருப்பி வையுங்கள். அறைக் காற்று மாறினாலும் அலமாரிக்குள் இருக்கும் காற்று தானாக மாறாது. குழந்தையின் துணிகளை முதல் சில மாதங்களுக்குப் புது அலமாரியில் அடுக்காமல் பழைய இரும்புப் பீரோவிலேயே வையுங்கள்.

செடிகளைப் பற்றி: 1989-இல் நாசா ஆய்வில் அடைத்த சிறு பெட்டிக்குள் வைத்துப் பார்த்ததை வைத்தே இந்த நம்பிக்கை பரவியது. பின்னர் இத்தகைய ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டவர்கள், சாதாரணக் காற்றோட்டத்துக்கு ஈடாக வேண்டுமானால் ஒரு சதுர மீட்டருக்குப் பத்து முதல் ஆயிரம் செடி வரை வேண்டும் என்று கண்டார்கள். அழகுக்காக வையுங்கள், காற்றுக்காக வேண்டாம்.

பதிவு 13 | குவைத்திலிருந்து ஒரு கருங்கல் ஊர்க்காரர்

குடியேறும் முன் அளந்து பார்க்க விரும்புபவர்கள் இணையத்தில் விற்கும் சிறிய கருவிகளை நம்பலாமா?

பதிவு 14 | கட்டடப் பொறியாளர், நாகர்கோவில்

விலை குறைந்த கருவிகளில் பெரும்பாலும் இருப்பது குறைக்கடத்தி உணரி. அது சென்ட், சானிடைசர், தாளிக்கும் ஆவி எதற்கும் ஏறும். திரையில் ஃபார்மால்டிஹைடு என்று எழுதியிருந்தாலும் அதை மட்டும் பிரித்து அளப்பதில்லை. ஜன்னலைத் திறந்தால் எண் இறங்குகிறதா, சாத்தினால் எத்தனை மணி நேரத்தில் ஏறுகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் பயன்படுத்தலாம். உண்மையான அளவு வேண்டுமென்றால், ஃபார்மால்டிஹைடைப் பிடித்து வைக்கும் டி.என்.பி.எச். என்ற வேதிப்பொருள் பூசிய குழாய் வழியாகக் காற்றை உறிஞ்சி ஆய்வகத்தில் பகுத்துப் பார்க்கும் ஐ.எஸ்.ஓ. 16000-3 முறையைக் கேளுங்கள். ஆய்வகத்தாரிடம் முறையின் பெயரைச் சொல்லிக் கேட்டால்தான் சரியான சோதனை நடக்கும். மாதிரி எடுப்பதற்கு முன் கால் மணி நேரம் எல்லா ஜன்னல்களையும் திறந்து வைத்து, பிறகு எட்டு மணி நேரமாவது முழுவதும் சாத்தி வைத்திருக்க வேண்டும். திறந்து கிடக்கும் வீட்டில் எடுத்த மாதிரி குறைந்த எண்ணைக் காட்டும், இரவில் சாத்திய படுக்கையறையில் குழந்தை சுவாசிக்கும் அளவு அதில் தெரியாது. அலமாரி உள்ள படுக்கையறையில், நடு அறையில், தரையிலிருந்து ஒன்று முதல் ஒன்றரை மீட்டர் உயரத்தில் எடுக்கச் சொல்லுங்கள். 0.1 மில்லிகிராமுக்குக் கீழே வந்தால் குடியேறலாம். மேலே இருந்தால் முதலில் முதுகுப் பலகைகளின் பச்சை ஓரங்களைச் சீலர் அடித்து மூடி, மேலும் இரண்டு வாரம் காற்றேற்றிவிட்டு மறுபடியும் அதே அறையில், அதே முறையில் அளந்து பாருங்கள்.